விண்ணப்பம் போட்டுப் பேயானவர்

கொரட்டூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அரக்கோணம் லோக்கலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் (கிடைக்காது, ஒரு பேச்சுக்கு) பெரியபுராணத்தில் ஒரு பகுதியை வெளியே பார்த்துக்கொண்டே போகலாம். வண்டி ஏறுவதற்கு முன்பே பக்கத்துப் பாடியில் திருவலிதாயம், சம்பந்தர் பாடிய தலம். அம்பத்தூர் தாண்டினால் திருமுல்லைவாயில், சுந்தரர் பாடியது. ஆவடிக்கு அப்பால் திருநின்றவூர். கையில் காலணா இல்லாத பூசலார் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, மதில் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்த ஊர். பிளான் அப்ரூவல் தேவைப்படாத கட்டடம் இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். அப்புறம் திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர். அதற்கு அடுத்த ஸ்டேஷனில் பேய்.

திருவாலங்காட்டுப் பேய் புளியமரத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிற போகிறவனிடம் சுண்ணாம்பு கேட்கிற ரகமில்லை. வெண்பா எழுதும். கட்டளைக் கலித்துறை எழுதும். பண் அமைத்துப் பாடும். மொத்தம் 143 பாட்டு எழுதி, முடிக்கிற இடத்தில் ‘காரைக்கால் பேய்’ என்று கையெழுத்தும் போட்டிருக்கிறது. ஊர் மரியாதையாகக் காரைக்கால் அம்மையார் என்கிறது. அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் பேய்தான்.

ஐரோப்பாவில் இந்தச் சுடுகாடு, பேய், பாழடைந்த மாளிகை இலக்கியத்துக்குக் கோதிக் என்று பெயர். தொடங்கிவைத்தவர் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலச் சீமான். 1764-இல் ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்று ஒரு நாவல் வெளியிட்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை மேல் ராட்சசத் தலைக்கவசம் ஒன்று விழுந்து ஆள் நசுங்கிப்போவதில் கதை ஆரம்பம். எழுதிய சீமானுக்கே கூச்சம். பழைய இத்தாலியப் புத்தகம் ஒன்றின் மொழிபெயர்ப்பு இது என்று முதல் பதிப்பில் புளுகினார். புத்தகம் போணியானதும் இரண்டாம் பதிப்பில் ‘அடியேன்தான்’ என்று ஒத்துக்கொண்டார். நம்மவர் அதற்குச் சுமார் 1200 வருஷம் முன்னால் சுடுகாட்டிலேயே குடியிருந்து எழுதியவர். பெயரையும் மறைக்கவில்லை, பேய் என்பதையும் மறைக்கவில்லை.

அவருடைய வாழ்க்கையை எழுதிவைத்த சேக்கிழாரும் எங்கள் மேற்குப் பக்கத்துக்காரர்தான். குன்றத்தூர். இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சர். அம்மையார் காலம் ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது, சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு. நடுவில் 600 வருஷம். ஆனாலும் காரைக்காலில் ஒரு வீட்டு அடுப்பில் அன்றைக்கு எது வெந்திருந்தது, எது வேகவில்லை என்பது வரை மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. அமைச்சருக்கு ஒற்றர் படை அப்படி.

அவர் சொல்கிற கதை இது. காரைக்கால் வணிகர் தலைவர் தனதத்தனுக்கு ஒரே மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். ஒரே பெண்ணைப் பிரிய மனசில்லாத அப்பா, மாப்பிள்ளைக்குக் காரைக்காலிலேயே தனி வீடு, வியாபாரத்துக்கு முதல், எல்லாம் கொடுத்து உட்காரவைத்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஊரோடு மாப்பிள்ளை.

ஒருநாள் கடைக்கு வந்த யாரோ பரமதத்தன் கையில் இரண்டு மாம்பழம் கொடுத்தார்கள். அதை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சிவனடியார் பசியோடு வாசலில் நின்றார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. முன்னறிவிப்பில்லாமல் விருந்தாளி வருகிற எந்த வீட்டிலும் இதுதான் நிலவரம். புனிதவதியார் யோசிக்கவில்லை. சோற்றோடு ஒரு மாம்பழத்தை வைத்துப் பசியாற்றி அனுப்பிவிட்டார்.

மத்தியானம் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். மிச்சமிருந்த பழத்தை இலையில் வைத்தார் மனைவி. ருசி பிரமாதம். “இன்னொன்று இருக்குமே, அதையும் போடு.” ஆண்கள் வீட்டில் எதையும் கணக்கு வைப்பதில்லை என்பார்கள், இந்த மாதிரி இடத்தில் மட்டும் கணக்கு கச்சிதமாக இருக்கும். “அடியாருக்குக் கொடுத்துவிட்டேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தமிழுக்கு ஒரு அந்தாதி குறைந்திருக்கும். அம்மையார் உள்ளே போனார், இறைவனை நினைத்தார், கையில் ஒரு மாம்பழம் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்து வைத்தார்.

இது அமிர்தமாக இருந்தது. பரமதத்தனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையே, எங்கே கிடைத்தது? அம்மையார் உள்ளதைச் சொன்னார். “அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு.” வந்தது. கையில் வாங்கினார், மறைந்தது. அவ்வளவுதான், மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது.

இந்த இடத்தில் பரமதத்தன் மேல் எனக்கு ஒரு வருத்தம். குலத்தில் வணிகர். முதல் போடாமல், சுங்கம் கட்டாமல், அழுகல் சேதாரம் இல்லாமல் சரக்கு வரும் வழி சமையல்கட்டிலேயே இருக்கிறது. மூன்றாவது பழம் கைக்கு வந்ததும் மறைகிறதே என்றால், அது சரக்குப் பெயர்ச்சியில் உள்ள சின்னச் சிக்கல், உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். இவர் என்ன செய்தார்? இவள் மனுஷியே இல்லை, தெய்வம் என்று முடிவுகட்டி, விஷயத்தை யாரிடமும் மூச்சு விடாமல், திரைகடல் ஓடியும் திரவியம் தேடப் போவதாகச் சொல்லிக் கப்பலேறிவிட்டார்.

ஆங்கில கோதிக் நாவல்களில் இந்த ஓட்டம் பெண்ணுடைய வேலை. தலைமுடி பறக்க, கையில் மெழுகுவத்தியோடு, கோட்டைப் படிக்கட்டில் அலறிக்கொண்டு இறங்குவாள். காரைக்காலில் ஓடியது புருஷன். பெண்டாட்டி வீட்டில் நிதானமாக உட்கார்ந்திருந்தார். அம்மையார் கதை முழுக்க இந்த ஒழுங்கு மாறாது. பயப்படுவது எப்போதும் எதிராளிதான்.

கப்பலில் போனவர் நன்றாகச் சம்பாதித்தார். திரும்பும்போது பாண்டிய நாட்டுப் பட்டினம் ஒன்றில் இறங்கி, இன்னொரு வணிகர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் போட்டார். பெண் குழந்தை பிறந்தது. புனிதவதி என்று பெயர் வைத்தார். தெய்வத்தின் பெயரை வைத்தோம் என்று அவர் கணக்கு. இந்தப் பெயர் யாருடையது என்று இரண்டாவது மனைவி கேட்டாரா, கேட்டதற்கு இவர் என்ன சொன்னார் என்பதைச் சேக்கிழார் விட்டுவிட்டார். அமைச்சராக இருந்தவர், சில கேள்விகளைக் கேட்கக்கூடாது என்று தெரிந்தவர்.

செய்தி காரைக்காலுக்கு எட்டியது. உறவினர்கள் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றிக்கொண்டு நியாயம் கேட்கப் புறப்பட்டார்கள். பரமதத்தன் மனைவி, குழந்தை சகிதம் எதிரே வந்து, முதல் மனைவியின் காலில் தடாலென்று விழுந்தார். பஞ்சாயத்துக்குத் தயாராக வந்த பெரியவர்களுக்கு வாயடைத்துவிட்டது. ஓடிப்போனவனை என்ன கேட்கவேண்டும் என்று தெரியும். கும்பிடுகிறவனை என்ன கேட்பது?

அப்போது அம்மையார் செய்ததுதான் உலக இலக்கியத்தில் யாரும் செய்யாதது. அழவில்லை, சபிக்கவில்லை. இந்த அழகும் சதையும் இவருக்காகச் சுமந்தது, வாங்குகிறவருக்கே வேண்டாமென்றால் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தார். உடம்பை உதறிவிட்டுப் பேய் வடிவம் கொடு என்று இறைவனிடம் விண்ணப்பம் போட்டார். உடனே அனுமதி ஆனது. சதை உதிர்ந்து எலும்புக் கூடாக நின்றார். சுற்றி நின்ற உறவினர் கும்பிட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். மறுபடியும் ஓடியது மற்றவர்கள்தான்.

அப்புறம் கயிலாயம். மலையைக் காலால் மிதிக்கக்கூடாது என்று தலையால் நடந்து ஏறினார். மேலே உமையம்மைக்கு ஆச்சரியம்: யார் இது, எலும்பு தலைகீழாக நடந்து வருகிறது? சிவன் சொன்ன பதில், நம்மைப் பேணுகிற அம்மை. பிறப்பே இல்லாத ஆசாமிக்குத் திடீரென்று ஒரு தாயார். வேண்டிய வரம் என்ன என்று கேட்டபோது அம்மையார் வைத்த கோரிக்கை தெளிவானது. பிறவாமை வேண்டும். பிறக்க நேர்ந்தால் மறவாமை வேண்டும். நீ ஆடும்போது உன் அடியின் கீழே உட்கார்ந்து பாடவேண்டும். முன் வரிசையில் நிரந்தர இருக்கை, சுருதி தாளத்தோடு. உத்தரவு வந்தது: திருவாலங்காட்டுக்குப் போ. அந்த ஊருக்கும் தலையாலேயே நடந்து வந்து சேர்ந்தார் என்கிறது புராணம்.

போஸ்டிங் போட்ட இடம் லேசுப்பட்டதல்ல. சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி நடந்த மேடை அது. எல்லாவற்றிலும் சளைக்காமல் ஈடுகொடுத்த காளி, சிவன் ஒரு காலை நேரே வானத்துக்குத் தூக்கியதும் பெண் என்ற கூச்சத்தில் நின்றுவிட்டாள். வென்றதாக அவர் பெயரில் ரத்தின சபை நிற்கிறது. மேல்முறையீட்டுக்கு நல்ல முகாந்திரம் உள்ள தீர்ப்பு, காளி போகவில்லை. பக்கத்திலேயே பழையனூர், நீலி கதையின் ஊர். போன பிறவியில் தன்னைக் கொன்ற புருஷன் இந்தப் பிறவியில் வணிகனாக வர, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் கண்ணீர் வடித்து வழக்கை ஜெயித்து, அன்று ராத்திரியே அவனைத் தீர்த்துக்கட்டியவள். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஜாமீன் நின்ற வேளாளர் 70 பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு பெண் பேய், இரண்டு பேருக்கும் வணிகப் புருஷன். ஒருத்தி பழி வாங்கினாள், ஒருத்தி பாட்டு எழுதினாள். பரமதத்தன் பிழைத்தது பேயின் குணவிசேஷத்தால்.

இனி அந்தப் பாட்டு. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் என்று இரண்டு பதிகம், தலைக்கு 11 பாட்டு. ஒன்று நட்டபாடைப் பண், ஒன்று இந்தளம். சம்பந்தர், அப்பரெல்லாம் பதிகம் பாடுவதற்கு முன்னால் வந்ததால் ‘மூத்த’. முதல் பாட்டிலேயே ஒரு பெண் பேயின் அங்க அடையாளங்கள் வருகின்றன. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, துருத்திய பல், நீண்ட கணைக்கால். தன் படத்தைத்தான் தானே எழுதியிருக்கிறார் என்று படிப்பவர்கள் உண்டு. எந்தக் கல்யாணத் தரகரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அதுதான் உத்தேசம்.

அடுத்தடுத்த பாட்டில் அந்தச் சுடுகாட்டின் அன்றாட வாழ்க்கை வருகிறது. ஒரு பேய் கள்ளிக் கவட்டில் கால் நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. ஈமத்தீயில் ஒரு கொள்ளியை எடுத்து, மசித்துக் கரியாக்கி, கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. அலங்காரம் முடிந்த குஷியில் சிரித்துத் துள்ளுகிறது. துள்ளின இடத்தில் பிணத்தீ சுட்டுவிடுகிறது. கோபம் வந்து, புழுதியை வாரி வாரிப் போட்டு நெருப்பை அணைக்கிறது. பயமுறுத்த வேண்டிய பேய் அவசரமாக மை போட்டுக்கொண்டு காலைச் சுட்டுக்கொள்கிறது.

இன்னொரு பாட்டில் ஒரு தாய்ப் பேய். நிணத்தைத் தின்று முடித்து, மண்டையோட்டு மாலை போட்டுக்கொண்டு, தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரும் வைத்திருக்கிறது. மேலே ஒட்டிய புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ வேலையாகப் போய்விட்டது. பிள்ளை அம்மா வருகிறாளா என்று பார்க்கிறது, காணவில்லை, அழுது அழுது தூங்கிவிடுகிறது. வேலைக்குப் போகிற எந்தத் தாயும் இந்தப் பாட்டைக் கேட்டுப் பயப்பட மாட்டாள், உச்சுக்கொட்டுவாள். வெளியே நின்று பார்ப்பவனுக்கு அது சுடுகாடு. குடிவந்துவிட்டவருக்கு அது தெரு. அங்கே அக்கம்பக்கம் இருக்கிறது, பிள்ளை வளர்ப்பு இருக்கிறது, வாகை நெற்று காற்றில் கலகலக்கிறது, நடுவில் அப்பன் ஆடுகிறான்.

மேற்கே பேய் இலக்கியத்துக்குச் சித்தாந்தம் வகுத்தவர் எட்கர் ஆலன் போ. 1845-இல் அண்டங்காக்கையைப் பற்றி 108 வரியில் ஒரு கவிதை எழுதிப் புகழடைந்தார். மறு வருஷமே அதை எப்படிச் செய்தேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். கவிதை ஒரே அமர்வில் படித்து முடிக்கிற நீளம் இருக்கவேண்டும். என்ன உணர்ச்சி உண்டாக்கவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். ஒரே சொல் பல்லவியாகத் திரும்பத் திரும்ப வரவேண்டும். அதைச் சொல்ல ஒரு பறவை வேண்டும், முதலில் கிளியைத்தான் நினைத்தேன் என்கிறார். நல்லவேளை, மாற்றிக்கொண்டார். கிளி வந்திருந்தால் ஜோசியம் சொல்லிவிட்டுப் போயிருக்கும். கடைசியாக அவர் கண்டுபிடித்த சூத்திரம்: உலகத்திலேயே மிகக் கவித்துவமான விஷயம் ஓர் அழகிய பெண்ணின் மரணம்.

ஆம்பிளைச் சூத்திரம். பெண் அழகாக இருக்கவேண்டும், செத்தும் போகவேண்டும், பாட்டை மட்டும் இவர் எழுதுவார். அம்மையார் மூன்று வேலையையும் தானே பார்த்துக்கொண்டார். அழகி அவரே, அழகைக் கொன்றவரும் அவரே, பாட்டும் அவருடையதே. நீளத்தைப் பொறுத்தவரை போவுக்கு ஆட்சேபம் இருக்காது, 11 பாட்டைக் கொரட்டூரில் தொடங்கினால் ஆவடிக்குள் முடித்துவிடலாம். பல்லவியும் உண்டு. போவின் காக்கை ஒவ்வொரு தடவையும் இனி ஒருபோதும் இல்லை என்று கதவைச் சாத்துகிறது. அம்மையாரின் முதல் பதிகம், கடைசிப் பாட்டைத் தவிர, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் எங்கள் அப்பன் இருக்குமிடம் திருவாலங்காடு என்று விலாசம் கொடுத்துவிடுகிறது.

அவருடைய இலக்கியக் கொள்கையைத் தெரிந்துகொள்ள அற்புதத் திருவந்தாதிக்குப் போகவேண்டும். 101 வெண்பா. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம், கடைசி வெண்பா முதல் வெண்பாவைத் தொடும். தமிழில் அந்தாதி நூல் வரிசையை இதிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். திருவிரட்டைமணிமாலையில் வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி 20 பாட்டு. எலும்புக் கூடு ஆனதால் யாப்பில் ஒரு அசைகூடத் தளரவில்லை. கொள்கை என்றால் சுருக்கமானதுதான். நூலறிவு பேசுகிறவர்கள் பேசிக்கொண்டு திரியட்டும் என்று ஒரே வெண்பாவில் பண்டிதர்களை அனுப்பிவிடுகிறார். யார் எந்தக் கோலத்தில் நினைக்கிறார்களோ அந்தக் கோலத்தில் அவன் வருவான், அதற்கு உரையாசிரியர் சிபாரிசு வேண்டாம்.

மிச்சத்தில் பாதி சிவனைக் கிண்டல் செய்வது. பிச்சைக்குப் போகிறாயே, அந்தப் பாம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போ, வீட்டுப் பெண்கள் பயந்துகொண்டு பிச்சை போட வரமாட்டார்கள் என்கிறார். பசியோடு வாசலில் நின்றவருக்குச் சோறு போட்டவர் சொல்கிற யோசனை, தொழில் தெரிந்த யோசனை. இன்னொரு வெண்பா மேடைப் பாதுகாப்புக் குறிப்பு. நீ அடி பெயர்த்தால் பாதாளம் பெயரும், முடி அசைந்தால் வான முகடு அசையும், கை வீசினால் திசைகள் சிதறும், அரங்கு தாங்காது, பார்த்து ஆடு. பிரளயத் தாண்டவத்தைப் பார்த்து மூவுலகமும் நடுங்கும்போது, முன் வரிசையில் உட்கார்ந்த இந்தக் கிழவிக்கு மட்டும் ஸ்டேஜ் பலகையைப் பற்றிக் கவலை.

பின்னால் வந்த சம்பந்தர் திருவாலங்காட்டு எல்லையிலேயே நின்றுவிட்டார். அம்மையார் தலையால் நடந்த மண்ணில் காலை வைப்பதா என்று தயக்கம். வெளியே தங்கினார். கனவில் வந்து பாட்டு எங்கே என்று இறைவன் கேட்ட பிறகுதான் பாடினார். பரமதத்தன் பயந்து நின்ற தூரத்தில் சம்பந்தர் மரியாதையாக நின்றார். தூரம் என்னவோ ஒன்றுதான்.

பேய்களுக்கு அப்புறம் தமிழில் நல்ல காலம். ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் பேய்களை உட்காரவைத்துக் கூழ் காய்ச்சிப் பந்தி பரிமாறவைத்தார். புதுமைப்பித்தன் காஞ்சனை எழுதினார், மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அம்மையாரும் ஒரே இடத்தில் இருந்துவிடவில்லை. பத்தாம் நூற்றாண்டிலேயே கம்போடியாவில் பந்தே ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவன் பக்கத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்துவிட்டார். கையில் தாளத்தோடு சோழ வெண்கலமாக அமெரிக்காவின் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்திலும் இருக்கிறார்.

இத்தனைக்கும், அந்த 143 பாட்டைத் தேடிப் பார்த்தால் மாம்பழம் கிடையாது. புருஷன் கிடையாது. கப்பல், சிவிகை, இரண்டாம் தாரம், எதுவும் கிடையாது. அந்தாதியின் முதல் வெண்பாவில் அவர் சொல்வது வேறு. பிறந்து பேசக் கற்ற நாள் முதலே உன்னிடம்தான் ஆசை என்கிறார். ஒரு பெண் சுடுகாட்டுக்குப் போய்ப் பாட்டு எழுதினாள் என்றால் புருஷன் விட்டுப்போயிருக்க வேண்டும் என்று 600 வருஷம் கழித்து நாம்தான் காரணம் தேடியிருக்கிறோம். பேசக் கற்றபோதே முடிவெடுத்த பெண்ணுக்கு நடுவில் ஒரு கல்யாணம் நடந்திருந்தால் நடந்திருக்கலாம், எழுதிவைக்கிற அளவுக்கு அது அவருக்கு முக்கியமாகப் படவில்லை.

ஊருக்கு முக்கியமாகப் பட்டது. காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கீழே கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். பிடித்தால் பிள்ளை வரம். அதற்கு முன்னால் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் முறைப்படி திருக்கல்யாணம். ஊரே கூடி மேளதாளத்தோடு அதே மாப்பிள்ளையை அதே பெண்ணுக்கு வருஷா வருஷம் கட்டிவைக்கிறது. பரமதத்தன் மாலையும் கழுத்துமாகச் சந்தோஷமாக ஊர்வலம் வருகிறார். பெண் வெண்பா எழுதும் என்பதை இதுவரை யாரும் அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.